பகலில் வெயில், ராத்திரியில் உறைபனி: உள்எஞ்சின் படகைக் குளிருக்குக் கட்டிவைப்பது

4 மே 2024, கேள்வி

"அண்ணாச்சி, ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். போன மாதம் பழைய ஸ்கீ போட் ஒன்று வாங்கினேன். நடுவில் 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். அணைத் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. விற்றவர், 'இது என்ன கனடாவா? மேலே தார்ப்பாய் போட்டு விடு, போதும்' என்கிறார். யூடியூபில் பார்த்தால் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை?"

4 மே, இரவு

விற்றவர் சொன்னது தவறு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கனடாவில் நவம்பரிலேயே ஏரி உறைகிறது, பார்க்கிறவனுக்குத் தானாகவே பயம் வந்துவிடும். இங்கே ஹைவெல்டில், அதாவது தென்னாப்பிரிக்காவின் உயர்ந்த சமவெளியில், ஜூலை மாதப் பகலில் 18 டிகிரி, நல்ல வெயில், சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கலாம். அணை உறைவதும் இல்லை. அதனால் யாருக்கும் பயம் வருவதில்லை. ஆனால் ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரம். இங்கே நாம் படகு விடும் வால் அணை 1480 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் மழை கிடையாது, மேகம் கிடையாது. வெயில் சாய்ந்ததும் தரையின் சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார், புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல வெள்ளையாக இருக்கும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். பிளாக்கின், அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பின், உள்ளே அதற்கு இடம் கிடையாது. வார்ப்பிரும்பு வளையாது, பிளந்துதான் கொடுக்கும்.

ஆகவே தம்பி, மே முடிவதற்குள் தண்ணீரை வடித்துவிடு. ஐந்து இடம். பிளாக்கில் பக்கத்துக்கு ஒரு பித்தளை பிளக். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இரண்டிலும் அடியில் ஒவ்வொரு பிளக். எஞ்சின் முன்னால் சர்குலேட்டிங் பம்புக்கு வரும் தடித்த ஹோஸை அடியில் கழற்றினால் ஒரு கொட்டு கொட்டும். அவ்வளவுதான்.

6 மே

முந்தின குறிப்பில் விட்டுப்போனது: கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு ஸ்டீயரிங்கிலேயே சாவியோடு சேர்த்துக் கட்டு. கூடவே ஒரு அட்டையில் "தண்ணீர் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே" என்று எழுதித் தொங்கவிடு. மாமாவோ மச்சானோ வந்து ஆசைக்கு ஒரு தடவை சாவியைத் திருகிப் பார்ப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம், அதுதான் இம்பெல்லர், ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.

12 மே

இந்த விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். இருபது வயதிலிருந்து வள்ளம், விசைப்படகு எஞ்சின்களில் கைவைத்தவன். அங்கே எங்களுக்கு எதிரி உப்பு மட்டும்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் உறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். 2004ல் வேலைக்காக ஃபெரினிகிங் வந்தேன். அஞ்சாறு வருஷம் பணம் சேர்த்து, எஞ்சின் கெட்டுக் கிடந்த ஒரு படகை வாங்கினேன். சனி, ஞாயிறாகப் பார்த்துப் பார்த்து எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டினேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வால்வு ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தது அவள்தான்.

2012 மே மாதம். தண்ணீரை வடிக்க வேண்டும் என்று அதற்குள் எனக்குத் தெரியும். அணையில் பக்கத்துப் படகுக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஐந்து இடத்தையும் திறந்தேன். வலது பக்கம் நன்றாக வந்தது. இடது பக்க பிளாக் பிளக்கைக் கழற்றினால் ஒரு தம்ளர் அளவு வந்து நின்றுவிட்டது. படகு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் அந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிளக்கைப் பையில் போட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜோஹனஸ்பர்க் வட்டாரத்தில் வெண்பனி கொட்டியது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பனியை அள்ளி எறிந்து விளையாடினார்கள், நாங்கள் படம் எடுத்தோம். ஷெட்டில் இருந்த பிளாக் அதற்கு முன்பே பிளந்திருக்க வேண்டும். பனி கொட்டும் நாளில் மேகம் போர்வை மாதிரி மூடியிருக்கும், அதனால் அவ்வளவு ஆபத்தில்லை. ஜூன், ஜூலையில் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் ராத்திரிகள்தான் எஞ்சினைக் கொல்கிறவை.

அக்டோபரில் இறக்கினேன். அழகாக ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிஷம் ஓடியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றின காபி நிறத்தில் இருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வால்வு லிஃப்டர்கள் உட்காரும் பள்ளத்தில், இடது பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைபோல ஒரு வெடிப்பு. இடது டிரெயின் துளையில் சேறும் துருவும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகி அடைத்திருந்தது. பிளக் துளையில் நின்ற கொஞ்சம் தண்ணீர்தான் அன்றைக்கு வெளியே வந்தது. பிளாக்குக்குள் சிலிண்டர்களைச் சுற்றி நின்ற தண்ணீர் அப்படியே இருந்திருக்கிறது.

வார்ப்பிரும்பில் அந்த இடத்தில் வெல்டு நிற்காது. தையல் போடுவதுபோல ஆணி ஆணியாக இறக்கி இணைக்கும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

அதனால் ஐந்து இடத்தையும் திறப்பதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டுக் குத்து. தண்ணீர் வராவிட்டால் "காலி" என்று நினைக்காதே, "அடைப்பு" என்று நினை. 

13 மே

கம்பி என்றால் என்ன கம்பி என்று இரண்டு பேர் கேட்டார்கள். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை நேராக்கி, நுனியை லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கட்டுக்கம்பி வேண்டாம், அது சேற்றில் முட்டியதும் மடங்கிவிடும். ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரும் போகும்.

வால் தண்ணீரில் ஓடுகிற படகுக்கு இது இன்னும் முக்கியம். ஆஃப்ரிகான்ஸில் "வால்" என்றால் மங்கிய, மண்ணேறிய நிறம். பெயரிலேயே சேறு இருக்கிறது. ஸ்டெர்க்ஃபான்டெய்ன் அணையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பெரும்பாலும் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துகேலா தண்ணீரைப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் குளிர் அங்கே இன்னும் கடுமை.

29 மே

இன்று தேர்தல் விடுமுறை. காலையிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து படகைக் கட்டிவைக்கும் வேலையை முடித்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் டேங்கில் பெட்ரோலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, அது கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றினேன். பின் வாளித் தண்ணீரில் ஹோஸை விட்டு எஞ்சினைப் பதினைந்து நிமிஷம் ஓட்டினேன். அப்போதுதான் மருந்து கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் வரைக்கும் போகும், ஆயிலும் சூடாகும். குழாயை நேரடியாக இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே குழாயைத் திற, அணைக்குமுன் மூடு. எஞ்சின் ஓடாதபோது தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் எக்ஸாஸ்ட் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

சூடாக இருக்கும்போதே ஆயிலை உறிஞ்சி எடுத்து, ஃபில்டரோடு மாற்றினேன். பலர் இதை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளக் கூடாது. ஓடின ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதை நாலு மாதம் பேரிங்கோடு ஊறவிடுவது, உப்புத்தண்ணீர் பட்ட கத்தியைக் கழுவாமல் உறையில் செருகுவது மாதிரி.

என்னுடையது கார்பரேட்டர் எஞ்சின் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே ஃபாகிங் ஆயில் (உள்ளே துருப்பிடிக்காமல் படியும் எண்ணெய்) அடித்து, புகை கக்கவிட்டு அணைத்தேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அப்படி அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் அடித்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் போதும். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பிறகு வடிப்பு. டிரெய்லரை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு துளைக்கும் கீழே வாளி வைத்துப் பிடித்தேன். 2013லிருந்து நான் அளந்து, ஷெட் கதவின் உள்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைக்கிறேன். என் எஞ்சினில் எல்லாம் சேர்த்து 12, 13 லிட்டர் வரும். இந்தத் தடவை முதலில் 10 லிட்டர்தான் வந்தது. கதவைப் பார்த்தேன். குறைகிறதே என்று திரும்பப் போய்க் கம்பியை விட்டுக் குடைந்தால் வலது மேனிஃபோல்டிலிருந்து துருத் துண்டு ஒன்று விழுந்து, மிச்சமும் வந்தது. இந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது அந்தச் சுண்ணாம்புக் கணக்கு.

இம்பெல்லரையும் கழற்றிவிட்டேன். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் ரப்பர் இறக்கைகள் அப்படியே வளைந்து நின்றுவிடும். கழற்றும்போது இறக்கைகளை எண்ணிப்பார். ஒன்று உடைந்து குறைந்தால் அந்தத் துண்டு உள்ளே எங்கேயோ போய் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் எக்ஸாஸ்ட் வாயைத் துணியால் அடைத்தேன், காய்ந்த புல்வெளியிலிருந்து வரிவரி எலிகள் கூடு கட்ட இடம் தேடி வரும். வெளியே ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டேன், எடுக்க மறக்கக் கூடாது என்பதற்காக.

3 ஜூன்

திருத்தம். மே 4ல் "ஐந்து இடம், அவ்வளவுதான்" என்று எழுதினேன். அது தவறு. பெனோனியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதே சரி: கியர்பாக்ஸ் ஆயில் கூலர். பல ஸ்கீ போட்களில் அடியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அந்த கூலர் வழியாகத்தான் பம்புக்குப் போகிறது. எஞ்சினுக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், கையளவு பித்தளைக் குழாயாக இருக்கும். என் படகில் கூலர் சரிவாக இருப்பதால் ஹோஸைக் கழற்றியதுமே தானாக வடிந்துவிடும். அதனால் அதைத் தனி இடமாக நான் நினைத்ததே இல்லை. மட்டமாகப் பொருத்தியிருந்தால் தண்ணீர் நிற்கும். அது பிளந்தால் தண்ணீர் கியர்பாக்ஸ் ஆயிலில் கலக்கும், கியர்பாக்ஸும் போகும்.

ஆறு இடம் என்று திருத்திக்கொள்ளுங்கள். படகில் ஷவர், ஹீட்டர், எடைக்குத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க் இருந்தால் அவற்றின் குழாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன்

லெனேசியாத் தம்பி எழுதியிருக்கிறான்: "இடது பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடி ஹேங்கர் கம்பியை விட்டுக் கால்மணி நேரம் குத்தினேன். முதலில் கறுப்புச் சேறு, அப்புறம் ஒரே பாய்ச்சலாய்த் தண்ணீர். மூன்று லிட்டர்."

வேறென்ன சொல்ல. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

17 ஜூன்

டர்பனிலிருந்து என் மைத்துனர் கேட்கிறார், அவருக்கும் இதெல்லாம் வேண்டுமா என்று. டர்பனில் இருக்கிறவரைக்கும் வேண்டாம். அங்கே ஜூலை ராத்திரியிலும் பத்து டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. கடல் தண்ணீரும் கிட்டத்தட்ட -2 டிகிரியில்தான் உறையும். அங்கே நம் ஊர் மாதிரி உப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டு அலசு, மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் ஜிங்க் கட்டி தேய்ந்தால் மாற்று.

ஆனால் இவர் ஒவ்வொரு ஜூலையிலும் படகை இழுத்துக்கொண்டு மலையேறி ஸ்டெர்க்ஃபான்டெய்னுக்கு மீன் பிடிக்க வருகிறார். கடற்கரைப் படகு, கடற்கரைப் பழக்கம், 1700 மீட்டர் உயரத்தில் ராத்திரி தங்கல். இதுதான் இருக்கிறதிலேயே ஆபத்தான சேர்க்கை. அத்தான், அங்கே ஒரே ஒரு ராத்திரி என்றாலும் வடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். படகை அணைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் சுற்றியுள்ள தண்ணீரின் சூடு ஓரளவு காப்பாற்றும். டிரெய்லரில் ஏற்றி வெளியே நிறுத்தினால் ஒரு காப்பும் கிடையாது.

அவருடைய எஞ்சினில் கூலன்ட் தனியாக மூடிய சுற்றில் ஓடுகிறது. அதனால் பயமில்லை என்று நினைக்கிறார். பாதிதான் சரி. பிளாக்கில் ஆன்டிஃப்ரீஸ் என்ற உறையாமல் காக்கும் மருந்து இருக்கிறது, பிளாக் பிழைக்கும். ஆனால் அந்தக் கூலன்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்பு, ஆயில் கூலர் இவற்றில் வெளித்தண்ணீர்தானே ஓடுகிறது? சில எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் அதுதான். அதையெல்லாம் வடிக்க வேண்டும். பிளாக்கில் உள்ள கூலன்டும் எத்தனை வருஷப் பழசு, என்ன கலவை என்று பார்க்க வேண்டும். டர்பனில் குறைந்தபோதெல்லாம் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால் அது பெயருக்குத்தான் ஆன்டிஃப்ரீஸ்.

30 ஜூன்

நம் மாதிரி வடிக்கிற எஞ்சினில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது பற்றி நான் இதுவரை பேசவே இல்லை. காரணம், வடித்தால் போதும், காற்று உறையாது என்பது என் கொள்கை. பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இந்த வாரம் யோசித்துப் பார்த்ததில் கொஞ்சம் மனம் மாறியிருக்கிறது.

முதலில், என்ன செய்யக் கூடாது என்பது. வடிக்காமல், ஒரு வாளியில் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி எஞ்சினை உறிஞ்சவிட்டு, எக்ஸாஸ்டில் நிறம் வந்ததும் அணைப்பது. யூடியூபில் இதைத்தான் ஐந்து நிமிஷத்தில் செய்து காட்டுகிறார்கள். எஞ்சின் போதுமான அளவு சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். உறிஞ்சின மருந்து பிளாக்குக்குள் போகாமல் நேரே மேனிஃபோல்ட் வழியாக வெளியே வந்துவிடும். நிறத்தைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம். போனாலும் உள்ளே இருக்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும். எத்திலீன் கிளைகால் பாதிக்குப் பாதி கலந்தால் -37 டிகிரி வரை தாங்கும், அதுவே கால்வாசியாகக் குறைந்தால் -12 தான்.

வடித்த பிறகு, பிளக்குகளை மூடி, மேலே தெர்மோஸ்டாட் வீட்டின் ஹோஸ் வழியாக ஊற்றி நிரப்புவது வேறு விஷயம். அது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன். வடிந்த பிளாக்கின் உள்சுவர் ஈரமும் காற்றுமாக நாலு மாதம் துருப்பிடிக்கிறது. அந்தத் துருதான் அடுத்த வருஷம் டிரெயின் துளையை அடைக்கிறது. துருத்தடுப்பு சேர்ந்த மருந்து இருந்தால் அது குறையும். எங்காவது குழியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரையும் அது சமாளிக்கும்.

ஆனால் எந்த மருந்து? கார் கடையில் கிடைப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டில் அவ்வளவும் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும். வால் அணைத் தண்ணீரைத்தான் ஜோஹனஸ்பர்க் குடிக்கிறது. நம் பிள்ளைகளும்தான். ஆகவே புரொப்பிலீன் கிளைகால் மட்டும். அதையும் அணையில் விடாமல், வீட்டிலேயே டிரெய்லரில் வைத்து பிளக்கைத் திறந்து கேனில் பிடித்துவிடுங்கள்.

1 ஜூலை

"பிளாக்கில் ஃப்ரீஸ் பிளக் இருக்கிறதே, உறைந்தால் அது தெறித்து விழுந்து பிளாக்கைக் காப்பாற்றாதா?" இல்லை. அந்தப் பெயரே ஏமாற்று. வார்ப்படத்தில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த அச்சு மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகள் அவை, அவற்றை மூடின தகடுதான் அது. சில சமயம் தெறிக்கும், பல சமயம் தெறிக்காது. என் பிளாக்கில் எல்லாத் தகடும் அப்படியே இருந்தன.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. நேற்று ராத்திரி என் ஷெட்டில் தெர்மாமீட்டர் -5.

போனில் அம்மாவிடம் "இங்கே ஒரே பனி" என்று சொன்னேன். "தலையில் துண்டைக் கட்டிக்கொள், காதுக்குள் போகாமல் பார்" என்றாள். ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் இறங்கும் ஈரம். அதற்கும் புல்லின்மேல் உறைந்து நிற்கும் இதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான் புழங்குகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இங்கே மாதமே தலைகீழ். டர்பனில் அத்தை வீட்டுப் பக்கம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இதே ஆடியில்தான் ஹைவெல்டில் ஆடிப்பனி பிளாக்கைத் துளைக்கிறது. கூழ் குடிக்கப் போகிறவர்கள் போவதற்கு முன் ஒரு தடவை படகைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

4 ஆகஸ்ட்

இரண்டு விஷயம் சேர்ந்து வந்திருக்கிறது.

ஒன்று, எஞ்சினை வடிக்காமல் எஞ்சின் அறையில் ஒரு 60 வாட் பல்பையோ சிறிய ஹீட்டரையோ எரியவிட்டால் போதாதா என்பது. இந்த நாட்டிலா? போன வருஷம் குளிரில் எத்தனை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தோம் என்று மறந்துபோயிற்றா? இந்த வருஷம் மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு இல்லை, சந்தோஷம். ஆனாலும் ஒரு பிளாக்கின் உயிரை ஒரு வயரில் தொங்கவிட எனக்கு மனம் வராது. தவிர, பெட்ரோல் ஆவி தேங்கும் மூடின இடம் அது. அதில் சூடான பல்பை வைப்பதும் பொறி பறக்கும் ஹீட்டரை வைப்பதும் நினைக்கவே பயமாக இருக்கிறது. வேண்டாம்.

இரண்டு, பேட்டரி. இதை மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து நிறையச் சார்ஜ் செய்து வையுங்கள். முழுச் சார்ஜில், 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி இந்த ஊர்க் குளிரில் உறையவே உறையாது. இறங்கிப்போன பேட்டரி -10 டிகிரி பக்கத்திலேயே உறைந்து பக்கவாட்டில் பிளக்கும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்.

25 ஆகஸ்ட்

பகலில் நல்ல வெயில். பீச் மரத்தில் பூ வந்துவிட்டது. தம்பி கேட்கிறான்: "பிளக்குகளை மூடிவிடலாமா அண்ணாச்சி? அடுத்த சனிக்கிழமை இறக்க ஆசை."

ஆசை எனக்கும்தான். ஆனால் ஒன்றை நினைத்துக்கொள். இந்த நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை -20.1 டிகிரி, கிழக்குக் கேப்பில் மோல்டெனோவுக்குப் பக்கத்தில் பஃபெல்ஸ்ஃபான்டெய்னில். தேதி 2013 ஆகஸ்ட் 23. ஜூன் இல்லை, ஜூலை இல்லை, ஆகஸ்ட் கடைசி. பீச் மரம் வெயிலைப் பார்த்து ஏமாந்து பூத்துவிடுகிறது, உறைபனியில் அந்தப் பூ கருகுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

போக வேண்டுமென்றால் போ, யாரும் தடுக்கவில்லை. போய்விட்டு வந்த அன்று மாலையே, சூடு ஆறுவதற்குள், ஆறு இடத்தையும் மறுபடி திற. அரைமணி நேர வேலை. "நாளைக் காலையில் செய்துகொள்ளலாம்" என்று தூங்கப் போவதில்தான் எத்தனையோ பிளாக் போயிருக்கிறது. ஒரு ராத்திரி -1, -2 என்றால் பிளாக் தாங்கிவிடும், அவ்வளவு இரும்பும் தண்ணீரும் ஆறுவதற்கே நேரமாகும். ஆனால் கூலரும் மேனிஃபோல்டும் சிறியவை, அவைதான் முதலில் உறையும்.

22 செப்டம்பர்

எல்லோரும் பத்திரமா?

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து ஃபான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, டர்பனுக்குப் போகும் என்3 சாலையே மூடிவிட்டது. ஹாரிஸ்மித் வட்டாரத்தில் எத்தனையோ வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டு, ஆட்கள் ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில்!

மைத்துனர் ஹெரிடேஜ் டே விடுமுறைக்காகப் படகோடு வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்ப இருந்தார். மழை வரும்போல இருக்கிறது என்று அக்கா தடுத்துவிட்டாள். நல்லவேளை. எஞ்சினைப் பற்றி இப்போது நான் பேசவில்லை, சாலையில் மாட்டியிருந்தால் பிள்ளைகளோடு என்ன ஆகியிருக்கும்.

தம்பி, நீ மூடிவிட்டாயா, திறந்தே வைத்திருக்கிறாயா? உடனே எழுது.

22 செப்டம்பர், இரவு

திறந்தே வைத்திருக்கிறான். சரி.

12 அக்டோபர்

இரண்டு தடவை நல்ல மழை பெய்துவிட்டது. பத்து நாளாக என் தெர்மாமீட்டரில் விடியற்காலையிலும் 6க்குக் கீழே இல்லை. நான் இன்று மூடினேன்.

பையிலிருந்து பிளக்குகளை எடுத்து எண்ணினேன். மரையில் கொஞ்சம் சீலன்ட் தடவி முடுக்கினேன், பித்தளை என்பதால் ரொம்ப இறுக்கக் கூடாது. புது இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீர் தடவி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருகி, இறக்கைகள் அதற்கு எதிர்ப்பக்கமாக மடங்கும்படி உள்ளே விட்டேன். எக்ஸாஸ்டில் இருந்த சிவப்புத் துணியை எடுத்தேன். வாளியில் ஹோஸ், பேட்டரி, சாவி. மகள் இப்போது கேப் டவுனில் படிக்கிறாள். வீடியோ காலில் வந்து, "டிப்ஸ்டிக்கை நான்தான் முதலில் பார்ப்பேன்" என்றாள்.

பத்து நிமிஷம் ஓடியது. சூடு 70 டிகிரிப் பக்கம் நின்றது. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, போன் முன்னால் பிடித்தேன். தேன் நிறம்.

13 அக்டோபர்

தம்பியும் ஸ்டார்ட் செய்துவிட்டான். ஆயில் சுத்தம். ஆனால் கியர்பாக்ஸ் கூலருக்குக் கீழே சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழுகிறதாம், கூலர் பிளந்துவிட்டதோ என்று பயப்படுகிறான். நீ வடிக்கும்போது கழற்றி, இப்போது மாட்டின ஹோஸ்தானே அது? முதலில் கிளிப்பை முடுக்கு. நிற்காவிட்டால் கிளிப்பைப் புதிதாக மாற்று, ஒன்றுக்கு இரண்டாகப் போடு. அப்புறமும் சொட்டினால் கூலரைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டி, ஈரம் கிளிப்பிலிருந்து இறங்குகிறதா, பித்தளை உடம்பிலிருந்து கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து எழுது. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பார், அதில் பால் நிறம் இல்லாதவரைக்கும் பயப்படாதே. சனிக்கிழமை நான் லெனேசியாப் பக்கம்தான் வருகிறேன், ஸ்பேனர் செட்டோடு வந்து பார்க்கிறேன்.